செல்லக்கிளி எடுத்த படம்

மனைவி செல்லக்கிளிக்கான கண்ணீர் அஞ்சலி பேனரை பாலு தானே ஸ்டூலில் ஏறி வாசல் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளைத் தூக்கி நிறுத்தும் கைகளுக்கு அன்று ஒரு கட்டுக்கம்பி அடங்கவில்லை.

பேனர் கடைக்காரர் குத்துவிளக்கு, தாமரை, மேகம் என்று எதையெதையோ காட்டிப் பார்த்தார். பாலு ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு வந்து, மொட்டை மாடியில் கொசுக்கடியோடு செல்லக்கிளி டெலஸ்கோப்பில் எடுத்த நெபுலா என்கிற விண்முகில் படம்தான் வேண்டும். சிவப்பு விளிம்பு, நீல வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி. அவள் யாரென்று தெருவுக்குத் தெரியட்டும்.

துறையூரிலிருந்து வந்து இறங்கிய அவளுடைய அண்ணன் அம்மாசி, பேனரில் விழித்த கண் போலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றார். பிறகு பாலுவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணைக் குடுத்துட்டாளா மாப்ள? நம்ம வம்சத்துலயே யாரும் செஞ்சதில்ல."

பாலு வாய் திறப்பதற்குள் வாசலில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டார். சிலர் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார்கள். பாலுவுக்குக் கூசியது. செய்யாததற்குப் பேர் வாங்குகிறவள் இல்லை அவள்.

"அது கண்ணு இல்ல மச்சான். நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம். சாகுறப்ப மேல இருக்கிறதையெல்லாம் ஊதி வெளிய விட்டுடுமாம். பின்னாடி அதுலேர்ந்து புது நட்சத்திரம் வருமாம். கிளி சொல்லுவா."

"என்ன சொல்லுவா?"

"எதையும் கையோட கொண்டுபோகாதுன்னு."

சொன்னபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போனார். காலையில் அவரே மூடிவிட்ட இமைகள். உயிர் பிரிந்து வெகுநேரம் ஆகவில்லை. இனி அவளைக் கேட்க வழியில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்பதில் சந்தேகமும் இல்லை. போனை எடுத்துக் கண் வங்கியைக் கூப்பிட்டார்.

அம்மாசி பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். தெரியாமல் உளறியதற்காக எதுவும் செய்ய வேண்டாம் என்றார்.

"எனக்குத் தோணல மச்சான். உங்களுக்குத்தான் தோணுச்சு."

கண் வங்கிக்காரர்கள் வேலையை முடித்து ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்தபோது, வாசலில் நிற்க இடமில்லை. மேளம் காதைப் பிளந்தது. அம்மாசி கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

"வழி விடுங்க. என் தங்கச்சி போறா."

கூட்டம் விலகியது. பாலு ஓடிப்போய் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார். அம்மாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் நடந்தார்.