விட்டுப்போன ‘ன்னு’

அம்மா ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். அதற்கு இரண்டு பேருமே பொறுப்பு. அப்பாவுக்குக் காது மந்தம். அம்மாவுக்கோ எதையும் உரக்கத் தொடங்கி, கடைசியில் தனக்குள்ளேயே விழுங்கிவிடும் பழக்கம். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சைக்கிள்னு மாடிவீட்டுக்காரர் கேக்கறார்” என்று அம்மா சொன்னால், அப்பாவின் காதில் சைக்கிள் வரைக்கும்தான் விழும். “என் வயசைப் பத்தி நீ பேசாத” என்று எகிறுவார். மாடிவீட்டுக்காரர் பேசியதற்கெல்லாம் வருடக்கணக்காக அம்மாதான் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நடுவில் புகுந்து சமாதானம் செய்வது தம்பியின் வேலை. அம்மா விழுங்கியதை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் காதில் கத்துவான். “ன்னு, ன்னு மாடிவீட்டுக்காரர் கேக்கறாராம்ப்பா. ஆளை மாத்தித் திட்டுங்க.” அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சித்தப்பா அவனுக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார். வாசலில் நின்று “டேய் ன்னு” என்றுதான் கூப்பிடுவார்.

போன மழைக்காலத்தில், தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்தது. உள்ளே நின்றிருந்த தம்பியும் இன்னொருவரும் உயிரோடு வரவில்லை. அன்று காலை, எழமாட்டேன் என்று புரண்டு படுத்தவனை உலுக்கி எழுப்பி வேலைக்கு அனுப்பியது அம்மா. அதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் சொன்னதில்லை. அதன்பிறகு அம்மாவின் வாக்கியங்கள் இன்னும் சீக்கிரம் அடங்கிப்போயின. அப்பா கோபப்படுவதையும் விட்டுவிட்டார்.

நகரசபைத் தேர்தல் வந்தபோது, சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே ஃபோனை அக்காவிடம் நீட்டிக்கொண்டு வந்தார். கட்சியில் வார்டு வேலைகளைப் பார்ப்பவர் அவர். அவர்கள் கட்சியை எதிர்த்து நின்றவர், மண் சரிந்தபோது குழாய் பதிக்கும் துறையில் இருந்து, பிறகு வேலையை விட்டவர். ஊரில் இன்ஜினியர் என்றால் அவர்தான்.

“நீயே பாரு. என் வாயால சொல்லமாட்டேன்.”

திரையில் இன்ஜினியர் மேடைமேல் நின்றிருந்தார். “மண்ணுக்குள்ள போனவங்க போனவங்கதான். அவங்களுக்காக வேலையை நிறுத்த முடியுமா” என்றார். அவ்வளவுதான். வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அப்பா ஃபோனை வாங்கிக் காதோடு அழுத்திக் கேட்டார். “இவன் வீட்டுல எழவு விழுந்ததில்ல போல” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள்.

“ஞாயித்துக்கிழமை கூட்டம்” என்றார் சித்தப்பா, அக்காவைப் பார்த்து. “பெரிய திரையில இதைப் போடுவோம். முடிஞ்சதும் நீ அவன் படத்தோட மேல வந்து நில்லு. ரெண்டு வார்த்தை பேசு.”

“எனக்கு மேடையெல்லாம் வராது சித்தப்பா.”

“பேசவேணாம். அழத் தெரியுமில்ல?” சொன்னபிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. தரையைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காதம்மா. அவன் எனக்கும் பிள்ளைதான்.”

அது உண்மை. பள்ளத்தின் ஓரத்தில் மழையோடு மழையாகக் கடைசிவரை நின்றவர் அவர். அவள் “வரேன்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் அவளுக்கு வேலை. பல்செட் செய்வது. தாடையின் பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேலும் கீழும் பொருந்துகிறதா என்று கடிக்கவைத்துப் பார்க்கவேண்டும். மறுநாள் காலை ஒரு கீழ்த்தாடை மட்டும் வந்திருந்தது. மேல்தாடை எங்கே என்று முன்னறைக்கு ஆள் விட்டுக் கேட்டுவிட்டு, காத்திருந்த நேரத்தில் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோபம் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

வீடியோ முடியும் இடத்தில் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். இன்ஜினியரின் வலதுகை நெஞ்சுவரை உயர்ந்து பாதியில் நின்றது. வாய் மூடவில்லை. ‘முடியுமா’ என்ற குரல் இறங்கவில்லை. எதையோ பிடித்துக்கொள்ளப்போவதுபோல மேலேயே நின்றது. அவள் மெழுகுக் கத்தியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

“ன்னு” என்றாள்.

அறையில் யாருமில்லை. தன் வாயிலிருந்து தம்பி பேசிவிட்டதுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்ஜினியர் பேசிய மண்டபத்தாரின் ஃபேஸ்புக் பக்கத்தில் முழுப்பேச்சும் கிடந்தது. நீளமான பேச்சு. பார்த்தவர்கள் மிகக் குறைவு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கேட்டாள். பாதிக்குமேல் போனபிறகு அந்த இடம் வந்தது.

“மண்ணுக்குள்ள போனவங்க போனவங்கதான். அவங்களுக்காக வேலையை நிறுத்த முடியுமான்னு அன்னைக்கு காண்ட்ராக்டர் என்கிட்டயே கேட்டார். மறுநாளே பக்கத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க. பக்கவாட்டுல பலகை அடிக்காம ஆள் இறங்கக்கூடாதுன்னு விதி இருக்கு. நான் வந்தா முதல்ல அதைத்தான் கவனிப்பேன்.”

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். பிறகு பேச்சு சாக்கடைப் பிரச்சினைக்குப் போய்விட்டது.

அவள் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். காண்ட்ராக்டர் கேட்டார், சரி. அதற்கு இவர் என்ன சொன்னார்? பேச்சின் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். அது எங்கும் இல்லை. அவ்வளவு நாள் சேர்த்துவைத்த கோபம் உட்கார இடமில்லாமல் நின்றது. அவர் அதை நிஜமாகவே சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

வேலை முடிந்ததும் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். பசை வாடை. சுவரோரமாகப் போஸ்டர் சுருள்கள். சித்தப்பா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

“எங்களுக்கு வந்ததே அவ்வளவுதாம்மா. நான் வெட்டலை.”

“நீங்க வெட்டினீங்கன்னு நான் சொல்லலையே.”

“இப்ப என்ன, அந்தாளு யோக்கியன்ங்கறியா?”

“அது எனக்குத் தெரியாது. காண்ட்ராக்டருக்கு அவர் என்ன பதில் சொன்னார்னு இதுல இல்ல. அதை அவர்கிட்டதான் கேக்கணும். அதுக்காக அவர் சொல்லாததைச் சொன்னார்னு சொல்லி, அவன் படத்தைத் தூக்கிக்கிட்டு நான் நிக்கமாட்டேன்.”

“நோட்டீஸ்ல போட்டாச்சே, நீ வர்றேன்னு.”

“என் பேரை அடிச்சிடுங்க.”

சித்தப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எலக்‌ஷன் முடியட்டும்மா. அப்புறம் நாம எல்லாருமே நியாயமா இருந்துக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டார்.

“சித்தப்பா, அவனை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?”

அவர் போஸ்டர் சுருளின் முனையை நகத்தால் கிழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “வீடியோவை நிறுத்தறது என் கையில இல்ல. மேல இருக்கறவங்க முடிவு. நீ வரலைன்னு சொல்லிடறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கியில் ‘முடியுமா’ வந்து நின்றதும் கூட்டம் கொதித்த சத்தம் அவர்கள் வீடுவரை கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை இன்ஜினியர் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். அது யார் வீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நோட்டீஸ் நீட்டாமல் வெறுமனே கைகூப்பினார். கதவருகே நாற்காலியில் அப்பா. பின்னால் அம்மா. அவள் படியில் இறங்கி நின்றாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

உடன் வந்தவர் முந்திக்கொண்டார். “அது வெட்டின வீடியோம்மா. எதிர்க்கட்சிக்காரங்க வேலை.”

“தெரியும். நான் முழுசாக் கேட்டேன்.” அவள் இன்ஜினியரிடமே திரும்பினாள். “அதுக்கப்புறம் நடந்ததைத்தான் கேக்கறேன். காண்ட்ராக்டர் அப்படிக் கேட்டப்ப நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

கூட்டத்தில் யாரோ ஃபோனை உயர்த்தினார்கள். அவள் திரும்பி, “எடுக்கறதா இருந்தா நான் கேட்டதையும் சேர்த்துப் போடுங்க” என்றாள். ஃபோன் தாழ்ந்தது.

இன்ஜினியர் கையிலிருந்த நோட்டீஸ்களைச் சரியாக அடுக்கினார். அவை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன.

“ஒண்ணும் சொல்லலை” என்றார். “பலகை அடிக்காம தோண்டறாங்கன்னு அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கலை. தப்பு என்மேலயும் இருக்கு.”

உடன் வந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை.

“இதை ஏன் மேடையில சொல்லலை?”

“தைரியம் வரலைம்மா.”

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் அப்பா.

அம்மா குனிந்தாள். “நான் வாயைத் திறக்கலை, தப்பு என்மேலயும் இருக்கு” என்று உரக்கத் தொடங்கினாள். மிச்சம் எப்போதும்போல உள்ளே போய்விட்டது.

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களை அவர் மறந்தே போனார்.

“உன்மேல என்ன தப்பு?” காது கேளாதவரின் குரல், தெரு முழுக்கக் கேட்டது. “அம்மான்னா பிள்ளையை எழுப்பத்தான் செய்வா. நானும் முழிச்சுக்கிட்டுதானே படுத்திருந்தேன். தூங்கட்டும் விடுன்னு நான் சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லலை.”

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா அவள் தலைமேல் கையை வைத்தார்.

அந்த ‘ன்னு’ அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பற்களைக் கடித்து அதை நிறுத்தினாள்.

இன்ஜினியருக்கு என்ன புரிந்ததோ, படியை விட்டு இறங்கினார். அடுத்த வீட்டுக்குப் போகாமல் தெருவில் நின்றார். தப்பு தன்மேலும் என்று சொன்னது அவர்தான், அம்மா அல்ல. ஓட்டுப் போடுமுன் அப்பா அதை யார் சொன்னது என்று முழுசாகத் தெரிந்துகொண்டாகவேண்டும். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே, ஒரு எழுத்து விடாமல் சொல்லவேண்டும்.

இப்போது வேண்டாம். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.