வேறு வைத்த ஜோடி

மெய்யநாதனுக்கு ரயில் அலுத்துப் போயிருந்தது. கோயம்புத்தூர், பெங்களூர், அலகாபாத், கல்கத்தா என்று வருஷத்தில் பாதி நாள் மட்டைப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய உடம்பு. பேருக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. சம்பளம் கொடுத்தது டென்னிஸ் ஆடத்தான். அதிலும் இரட்டையர் ஆட்டம் மட்டும். தனியாக இறக்கிவிட்டால் முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிவிடுவான். பக்கத்தில் அவன் ஜோடி சொக்கு நின்றால்தான் அவன் ஆட்டக்காரன். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் பண்ணியது.

1974இல் காரைக்குடி கிளப் போட்டிக்கு இருவரும் வந்தார்கள். மெய்யநாதன் பக்கத்துக் கண்டனூரில் தன் வீட்டிலேயே தங்கினான். அரையிறுதிக்கு முந்தின நாள், சோறு போட்டுக்கொண்டே அவன் மனைவி உமையாள் பேச்சை எடுத்தாள்.

"சொக்குத் தம்பிக்குக் கம்பெனியில புதுப் பையன ஜோடி சேக்கப் பாக்குறாகளாம்ல. தம்பிதான் மாட்டேன்னு நிக்குதாம். அது பொண்டாட்டி பிள்ளையார்பட்டியில பாத்துச் சொல்லுச்சு."

"அவன் என்னைய விடமாட்டான்" என்றான் மெய்யநாதன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

"அதுக்காக நீங்களும் பிடிச்சுக்கிட்டே கெடப்பீகளாக்கும்? பெத்த பிள்ளையவே கல்யாணமானதும் வேறு வைக்கிறோம். நீங்களே முந்திச் சொல்லிருங்க. மரியாதையா இருக்கும்."

வேறு வைப்பது அந்த ஊர்ச் செட்டியார் வீடுகளில் சண்டை சமாசாரமே இல்லை. ஒரே வீட்டுக்குள் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, இனி உங்கள் சமையல் உங்கள் பாடு என்று சிரித்த முகமாக ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்குகிறவர்களுக்கு அது பெருமை. அந்தப் பெருமைதான் மெய்யநாதனைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை முழுவதும் மனசுக்குள் ஒத்திகை. இவன் சொல்வான். சொக்கு பதறிப்போய்க் கையைப் பிடித்து, 'நீங்க இல்லாம நான் எப்படிண்ணே ஆடுவேன்?' என்பான். போனால் போகிறதென்று இவன் இன்னும் ஒரு வருஷம் ஆடுவான். மனுஷனுக்கு எத்தனை கள்ளத்தனம் பாருங்கள்! விட்டுக்கொடுப்பதுபோல் கிளம்பி, அவன் கேட்கப்போனது அந்த ஒரு வருஷத்தைத்தான். ரயில் அலுத்ததும் வாஸ்தவம், முழங்கால் வலித்ததும் வாஸ்தவம். ஆனால் ஆட்டம் நின்றால் ஆயுசு முழுக்க ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டும்.

அரையிறுதியில் முதல் செட் கைவிட்டுப் போனது. இடைவேளையில் முழங்காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"சொக்கு, இந்தப் போட்டியோட நாம வேறு வச்சுக்குவோம்டா. நீ அந்தப் பையனோட ஆடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சொக்கு செம்பைக் கீழே வைத்தான். "நெசமாவா சொல்றீக?"

"நெசமாத்தான்."

"அப்பாடா!" என்றான் சொக்கு. முகம் மலர்ந்துவிட்டது. "எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வருசமா முழிச்சுக்கிட்டு இருந்தேண்ணே. உங்க மனசு நோகுமேன்னுதான் கம்பெனியில மாட்டேன்னேன். நீங்களே சொல்லிட்டீக. உங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

மெய்யநாதன் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்ய? அடப்பாவி, ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லக்கூடாதா! ரெண்டு வருஷமா? அப்படியானால் போன வருஷம் அலகாபாத்தில் ஜெயித்து இவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினானே, அப்போதும் இந்த நினைப்புத்தானா? அம்பயர் கூப்பிட்டார். எழுந்து போனார்கள்.

இரண்டாவது செட்டில் சொக்கு துள்ளித் துள்ளி ஆடினான். பாரம் இறங்கிய உடம்பு அல்லவா? எதிராளி ஒருவன் இரண்டு பேருக்கும் நடுவே பந்தை ஓங்கி அடித்தான். நடுப்பந்து யாருக்கு என்று இந்த ஜோடி ஒருநாளும் குரல் கொடுத்துக்கொண்டதில்லை. ஒருவன் தோள் அசைந்தால் மற்றவன் நின்றுவிடுவான். இத்தனை வருஷமும் அப்படித்தான். மெய்யநாதன் காலை எடுத்து வைத்தான்.

"உங்களுக்குண்ணே!" என்று சொக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிக்கிற குரல் அது. மெய்யநாதன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். பந்து தாண்டிப் போய்விட்டது.