இலையின் அடிப்பக்கம்

என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘அடிப்பக்கம்’. கேலிக்கு வைத்ததுதான். எனக்கு உள்ளூர அதில் பெருமை. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில். மேஜையின் மேல்பலகையில் முகம் தெரிந்தால் போதும் என்று மற்றவர்கள் துணியை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் மேஜையைக் கவிழ்த்துப் போட்டு அடியிலும் ஒரு கை இழுக்காமல் எழுந்ததில்லை. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டதற்கு, அவரோடு மல்லுக்கு நின்று பாதி வேலையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும்.

இப்படிப்பட்ட புத்திசாலியின் கையில்தான் என் மனைவி தன் ரப்பர் செடியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் என் மைத்துனன் சாலை விபத்தில் போய்விட்டான். அவன் என் மனைவியைவிடப் பதினோரு வயது சின்னவன். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படுத்தவள் படுத்தவள்தான். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஏதாவது கேட்டால் ‘ம்’ என்பாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன். அவர் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். என்றாலும் ஐந்து மாதம் அவள் முதுகைப் பார்த்தபடி பொறுமையாக இருந்தேன்.

அப்போது வீட்டைக் காலி செய்து போன ஒரு வாடிக்கையாளர் இந்தச் செடியை என் தலையில் கட்டினார். முழங்கால் உயரம், நான்கே இலைகள். பாலிஷ் டப்பாக்களோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, வேறு இடம் இல்லாததால் படுக்கையறை ஜன்னலோரம் வைத்தேன். கொஞ்ச நாளில் ஒரு காலை நேரத்தில் அவள் எழுந்துபோய் அதன் எதிரே உட்கார்ந்தாள். நுனியில் சிவப்பு உறைக்குள் ஒரு புது இலை சுருண்டிருந்தது. மறுநாளும் உட்கார்ந்தாள். அப்புறம் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள், இலைகளைத் துடைத்தாள். ஒரு மாதத்தில் சமையலறைக்கு வந்து, நான் காய் நறுக்கும் அழகைப் பார்த்து, “குச்சி மாதிரி நறுக்கி வெச்சிருக்கீங்க” என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு நான் நன்றியுள்ளவன். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை அதைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். டாக்டரால் முடியாததை, என்னால் முடியாததை, தொட்டியில் நின்றுகொண்டே அது செய்துவிட்டது என்று நினைத்தேன்.

இந்த வருடம் அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் போக வேண்டியிருந்தது. என்னைத் தனியாக விட்டுப்போவதில் அவளுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. செடியை என்னிடம் விட்டுப்போவதில்தான் அரை மனது. மண்ணுக்குள் இரண்டு கணு விரலை விட்டுப் பார்க்க வேண்டும், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் இலைகளைத் துடைக்க வேண்டும். தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் இருக்கும் பக்கமே சாய்ந்துவிடும். இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

இரண்டு வாரம் சொன்னபடி நடந்தேன். ஆனால் துடைத்த இலைகள் காய்ந்ததும் தண்ணீரின் உப்பு வெள்ளைத் திட்டுகளாக நின்றுவிடும். முப்பது வருடமாகத் திட்டு தெரியாமல் மரத்தைத் தேய்த்தவன் கண்ணுக்கு அது பொறுக்குமா? அரக்குப் பாலிஷில் ஸ்பிரிட் இருக்கிறது, இலையைப் பொசுக்கிவிடும். அது தெரியாத மடையன் இல்லை நான். தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி நானே காய்ச்சும் பாலிஷ் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு செடியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். செடி அதற்குள் இடுப்புயரம் வளர்ந்து பதினான்கு இலை விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி மேல்பக்கம் தேய்த்தேன். அப்புறம் திருப்பி அடிப்பக்கமும் தேய்த்தேன். நுனியில் உறைக்குள் சுருண்டிருந்த குருத்து மட்டும்தான் என் கையிலிருந்து தப்பியது.

படம் எடுத்து அனுப்பியதும் அவள் கூப்பிட்டாள். செடி இப்படி மின்னி அவள் பார்த்ததே இல்லையாம், அக்காவுக்கும் காட்டினாளாம். சும்மா துடைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாகின. ஒன்று கழன்று விழுந்தது. வேலையிலிருந்து வந்து பார்த்தால் இன்னும் இரண்டு தரையில் கிடந்தன. செடி போய்விட்டால் அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்ற நினைப்பு வந்தது. விழுந்த இலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் வழக்கமாக மண் வாங்கும் செடிக்கடைக்கு ஓடினேன்.

கடைக்கார அம்மாள் கட்டைவிரலால் இலையை ஒரு தடவை தடவி, விரலை மோந்து பார்த்தார். என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இலையைத் திருப்பி அடியையும் தடவினார்.

“மேல மட்டும் போட்டிருந்தாக்கூடப் தாங்கியிருக்கும்ணா. அது மூச்சு விடுறதே அடிப்பக்கமாத்தான்.”

வேறு யாராவது என் வேலையில் குறை சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு, இனி என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மாள் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கை வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பயத்தில் தண்ணீரை ஊற்றித் தள்ளக் கூடாது, இடம் மாற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. விழுகிறது விழட்டும், குருத்து வாடாமல் இருக்கிற வரைக்கும் செடி இருக்கிறது. அந்த அம்மாளையும் நான் இன்றைக்கு வரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது கடை மூலையில் அதே உயரத்தில் இன்னொரு ரப்பர் செடி கண்ணில் பட்டது. தொட்டியை மாற்றி வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் மனது தடுமாறியது உண்மை. அவளுக்கு ஒவ்வொரு இலையும் அத்துப்படி. தவிர, அவளுக்கு அவ்வளவு செய்த செடியைக் குப்பையில் போட என்னால் முடியாது.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் துடைத்தேன். நானே காய்ச்சிய மெழுகு, அவ்வளவு சுலபத்தில் விடுமா? அதன் உறுதியை நினைத்து முதல் தடவையாக என்னை நானே வைதுகொண்டேன். அவள் செடியைக் காட்டச் சொன்னபோதெல்லாம் ஃபோனில் கேமரா மக்கர் செய்கிறது என்று அளந்தேன். ஆறு வாரம் முடிந்தபோது நின்றது நான்கு இலைகள். குருத்து வாடாமல்தான் இருந்தது, ஆனால் விரியவில்லை.

அவள் வந்த அன்று, கதவைத் திறந்ததும் சொல்லிவிடுவது என்று வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். பையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் நேரே படுக்கையறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ. மெழுகு போட்டது, அடிப்பக்கமும் போட்டது, பொய் சொன்னது, கடை அம்மாள் சொன்னது எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவள் திரும்பவில்லை.

“உன்னை எந்திரிக்க வெச்ச செடி. அதைப் போய் நான் இப்படிப் பண்ணிட்டேன்” என்றேன்.

இப்போது திரும்பினாள்.

“இத்தனை நாளா செடிதான் என்னை எழுப்புச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

“பின்னே?” என்றேன்.

“தெனமும் காலையில வந்து, புது இலை வருது, எந்திரிச்சு வந்து பாருன்னு கூப்பிடுவீங்க. தலையைத் திருப்பிப் பார்ப்பேன், அங்க ஒண்ணுமே இருக்காது. மறுநாளும் வந்து அதையே சொல்வீங்க. இருபது நாள் இருக்கும். இந்த மனுஷனுக்கு ஒழுங்கா ஒரு பொய்கூடச் சொல்ல வரலையே, இப்படித் தனியா நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரேன்னுதான் எந்திரிச்சேன். அன்னைக்குப் பார்த்து நெஜமாவே வந்திருந்துச்சு.”

சத்தியமாக எனக்கு அது நினைவில்லை. அந்த நாட்களில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்.

“அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்” என்றாள். “செடி போனா வேற செடி வெச்சுக்கலாங்க. நான் இன்னைக்கு உசுரோட உக்காந்து இருக்கேன்னா, அது உங்களால.”

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அழுது முடிக்கும் வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.