எந்த ஊசி நல்லது

பொன்னியம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை நோய் உண்டு. மழைக்காலத்தில் இழுப்பும் வரும். ஆடி மாதம் ஆரணியில் டாக்டர் துர்காவிடம் காட்டப் போனபோது, நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார். உடன் போயிருந்த மகள் அகல்யா போளூரில் வேதியியல் ஆசிரியை.

"ரெண்டு வகை இருக்குங்க. பழையது இருபத்துமூணு வகைக் கிருமிக்கு. புதுசு இருபதுக்குத்தான், ஆனா உடம்பு அதை நல்லா ஞாபகம் வச்சுக்கும். ரெண்டுமே பயமில்லாததுதான். கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம். புதுசு வேணும்னா வேலூர்ல சொல்லி வரவழைக்கணும். பழையது இங்கயே இருக்கு. எதையாவது சீக்கிரம் போட்டுடுங்க" என்றார் டாக்டர்.

யோசித்துச் சொல்வதாக அகல்யா அம்மாவை அழைத்து வந்துவிட்டாள்.

பள்ளி விட்டு வந்ததும் போனில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பாள். புதியதில் எதிர்ப்புச் சக்தி கூடுதல் என்றது ஒன்று. சில கிருமிகள் அதில் இல்லையே என்று குழப்பியது இன்னொன்று. கடைசியில் புதியதையே வாங்கலாம் என்று முடிவு செய்தபோது, அதைவிடப் புதியது ஒன்று வரப்போவதாகத் தெரிந்தது. அதற்கும் காத்திருந்தாள்.

"இன்னாத்த படிச்சிகினே கீற? ஏதோ ஒண்ணத்த போட்டு வுடேன். ஒரே பேஜாரா கீது" என்றார் பொன்னியம்மாள், பட்டு நூல் சுற்றியபடியே.

"உனக்கு நல்லதாப் பாக்கறேம்மா. கொஞ்சம் இரு."

கார்த்திகை மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாளே மூச்சுத் திணறியது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அகல்யாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஊசிய இப்ப போட்டா ஆவாதா?" என்று கேட்டார் பொன்னியம்மாள். அன்று மாலையே அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அப்பா இராஜமாணிக்கத்தை அழைத்துக்கொண்டு டாக்டர் துர்காவிடம் போனாள்.

"ரத்தத்துல அந்த நிமோனியாக் கிருமிதான் இருந்ததுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அது எந்த வகைங்க டாக்டர்? பழைய ஊசியில இருக்கறதா, புதுசுல இருக்கறதா?"

"வகையெல்லாம் பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க அகல்யா. எந்த வகையா இருந்தாலும் மருந்து ஒண்ணுதானே."

"அப்போ தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா. ஊசி போட்டவங்களுக்கும் சில பேருக்கு வருது. உங்க மேலயே பழி போட்டுக்காதீங்க."

அகல்யா தலையாட்டினாள். அந்த ஆறுதல் அவளிடம் ஒட்டவில்லை.

"அப்பாவுக்காவது இன்னிக்கே போட்டுடலாம்" என்றார் டாக்டர்.

இராஜமாணிக்கம் எழுந்தார். "அவளுக்குப் போடாத ஊசி எனக்கு இன்னாத்துக்கு?" என்று மகளின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கூப்பிட நினைத்தாள் அகல்யா. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.