சகலை வீட்டில் ஒரு வெற்று வட்டம்

பூச்சி ஆய்வாளர் வரைபடத்தில் புள்ளி வைத்தால், அந்த இடத்துக்குத் தத்துப்பூச்சிகள் வந்துவிடும். மை காய்வதற்குள் வந்ததும் உண்டு. அரிசி மணி அளவே இருந்துகொண்டு ஆள் உயரம் தாவும் அந்தப் பூச்சிகளில் ஒரு பேரினத்தை மட்டும் எடுத்து, இனம் பிரித்து, எங்கெங்கே வாழ்கின்றன என்று குறிப்பது அவர் வேலை. யானைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் பேனா சறுக்கிக் கடலில் ஒரு புள்ளி விழுந்தது. மறுநாள் மீனவர்கள் வலையை உதறியபோது பூச்சிகள் தாவி ஓடின. பூச்சியே ஒத்துப்போகும்போது நாம் ஏன் முரண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் திருத்தம் வெளியிடாமல் விட்டுவிட்டார்.

இந்தப் பேரினத்தில் எது எந்த இனம் என்று அறிய, ஆணின் வால்நுனியைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பெண்களெல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றே. ஆண் கிடைத்த இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. பெண் மட்டும் கிடைத்தால் வெற்று வட்டம். வட்டம் என்றால் சந்தேகம். வட்டம் போட்ட இடங்களுக்குப் பெண்பூச்சிகள் மட்டுமே வந்தன. சாப்பாட்டு மேசையில் உருப்பெருக்கியையும் சர்க்கரை டப்பாவில் பூச்சி ஊசிகளையும் பொறுத்துக்கொண்ட மனைவி, ஒருநாள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அவ வெளிய போயிருக்கா, அப்புறம் வாங்க" என்றார். அவள் வந்த வழியே திரும்பித் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீடு அவருக்குத் தாங்கவில்லை. வரைபடத்தில் அக்கா வீட்டைத் தேடிப் பேனாவை வைத்தார். கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. தொழிலுக்குத் துரோகம் செய்யாமல் வட்டம் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுத் திரைச்சீலைகள் பூச்சியால் பச்சையாகிவிட்டன. அக்கா கணவரான சகலை, நாற்காலியில் குடைபிடித்துச் செய்தித்தாள் வாசித்தார். மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"எதுக்கு வட்டம் போட்டீங்க?"

"நீ கதவத் தொறப்பியோ மாட்டியோன்னு சந்தேகம்."

"ஆம்பள நேர்ல வந்தாத்தானே புள்ளி. வீட்ல உக்காந்துக்கிட்டு வட்டம் போட்டா ஆச்சா?"

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போனார். கதவைத் திறந்தவர்கள் இரண்டு பேர். அக்காவும் முடியை வெட்டிக்கொண்டு, தங்கையைப் போலவே உடுத்தி, பக்கத்தில் நின்றாள். அவர்கள் அச்சு அசல் ஒரே ஜாடை. "எது உங்க பொண்டாட்டின்னு சொல்லிட்டு உள்ள வாங்க" என்றாள் ஒருத்தி.  தவறினால் அதோடு சரி என்று அவருக்குத் தெரியும். உருப்பெருக்கி இல்லாமல், முதல்முறையாக, வெறும் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"இவதான்" என்று மற்றவளைக் காட்டினார். "சிரிப்ப அடக்கும்போது இவளுக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் விரியும்."

மூக்கு இன்னும் விரிந்தது. அவள் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வரைபடத்தை அவர் முதுகில் விரித்து, வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள். இருட்டுவதற்குள் ஆண்பூச்சிகளும் வந்துவிட்டன.

இருவரும் வீடு திரும்பினார்கள். பூச்சிகள் திரும்பவில்லை, அந்தப் புள்ளியோடு வரைபடம் அச்சாகிவிட்டது. சகலை இன்றும் குடைபிடித்துத்தான் செய்தித்தாள் வாசிக்கிறார்.