நத்தமங்கலத்தில் நின்றுபோன நான்கு சுரங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி முதல் வாரத்திலிருந்து பொங்கல் கழிந்து சில நாள் வரை, நத்தமங்கலத்தில் ஒருவருக்கும் தும்மல் முழுதாக வரவில்லை. மூக்கு அரிக்கும், கண் சுருங்கும், வாய் திறக்கும், அதோடு சரி. கொட்டாவியும் பாதியில் நின்றது. படுத்தவர்கள் தூக்கத்தின் ஓரம்வரை போய்த் திரும்பி வந்து புரண்டார்கள். விருந்தாளிகள் "அப்ப வர்றோம்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்கள். போகவும் முடியவில்லை, திரும்ப உள்ளே வரவும் கூச்சமாக இருந்தது. அந்த நாட்களில் வலங்கைமானில் கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய், பனி வழக்கத்தைவிடக் குறைவு. இத்தனைக்கும் காரணம் ஜாஃபர் சாதிக் ஒரு பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதுதான்.

ஜாஃபர் சாதிக் துபாயில் பல வருடம் இருந்தவர். பகலில் துணிக்கடையில் நின்றார். மாலையானால் ஒரு ஓட்டலில் கோவாக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் கீபோர்டு வாசித்தார். ஊர் திரும்பிக் கடைத்தெருவில் செல்போன் கடை போட்டார், அரை வேலி நிலம் குத்தகைக்கு எடுத்தார். சங்கீதத்தை விட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் வராமல்போகவே இவரைப் பிடித்து மேடையேற்றினார்கள். பாட்டுக்கு நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல நெஞ்ச என்னமோ பண்ணுதுல்ல, அது ஏன்னு சொல்லட்டுங்களா?" என்று மைக்கில் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். பெண் வீட்டாரும் சமையல்காரர்களும் "சொல்லுங்க பாய்" என்றார்கள். பந்தி ஒரு மணி நேரம் தாமதமானது. சாம்பார் ஆறிவிட்டது என்று யாரும் குறை சொல்லவில்லை.

அதன்பின் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நெல் கொள்முதல் நிலையக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. குறுவை நெல் போய்ச் சம்பா நெல் வரும்வரை அந்தக் கொட்டகையில் எலிகளுக்கு மட்டும்தான் வேலை. வீட்டுக்கு ஒருவராவது வந்து சாக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சில சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதை அவர் கார்ட் என்றார். திருவையாற்று ஆராதனைக்கு வருடம் தவறாமல் போய்வரும் பஞ்சநதம், "நம்ம சங்கீதத்துல சுரம் ஒன்னு பின்னால ஒன்னுதான் வரும், இப்படி மொத்தமா வண்டி ஏறாது" என்று முதல் நாள் எழுந்து போனார். இரண்டாம் வாரம் முதல் வரிசையில் அவர் சாக்குதான் கிடந்தது. ஒரு கார்டுக்குள் இருக்கும் மூன்று சுரங்களையும் தனித்தனியாகக் கேட்க ஜாஃபர் சாதிக் சொல்லிக்கொடுத்த வாரம், மதகில் விழும் தண்ணீர் மூன்றாகப் பிரிந்து விழுந்தது. ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று போனார்.

கேட்பவர்களில் கெட்டிக்காரி விஜயலட்சுமி. மற்றவர்கள் ஆகா என்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், தலையை ஆட்டித் தள்ளுவார்கள். அவர் தலையாட்டியதே கிடையாது. விளக்கம் முடிந்ததும், நெடுநாள் சந்தேகம் தீர்ந்தவரைப் போல "அதானே பாத்தேன்" என்பார். சில சமயம் "அப்ப அந்த நடு சுரத்த மட்டும் கொஞ்சம் எறக்குனா அழுவாச்சியா வருங்களா பாய்?" என்று கேட்பார், அது அடுத்த வாரப் பாடமாக இருக்கும். ஓட்டலில் தட்டப்பட்ட கைகள் ஆயிரம் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட ஜாஃபர் சாதிக்குக்கு நினைவில் இல்லை. விஜயலட்சுமி ஒருவர் கேட்பதற்காகத்தான் தன் வீட்டுக்காரர் வாரம் முழுக்கப் பாடம் தயார் செய்கிறார் என்று அவர் மனைவி அனீஸாவே பொறாமையில்லாமல் சொல்வார்.

விஜயலட்சுமிக்கு வயது நாற்பத்தைந்து. கல்லீரலில் கட்டி. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. கணவர் துரைராசு குட்டியானை வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வைத்துக் கூட்டிவருவார், கொட்டகைக்குள் இறக்கி வைப்பார், தான் மட்டும் வெளியே நிற்பார். துரைராசுவுக்குச் சங்கீதம் என்றால் தேர்தல் ஸ்பீக்கரும் ஒன்றுதான், கீபோர்டும் ஒன்றுதான்.

மார்கழியில் அந்த வெள்ளிக்கிழமை ஜாஃபர் சாதிக் ப, நி, ரி, ம நான்கையும் சேர்த்து அழுத்தினார். "இது நிக்க முடியாத கார்டுங்க. 'நி' ஏறிப்போயி 'ச'வுல விழணும்னு தவிக்கிது. 'ம' எறங்கி 'க'வுல உக்காரணும்னு தவிக்கிது. இப்ப ரெண்டும் எப்படி வீடு போயி சேருதுன்னு பாருங்க..." என்றபோது வெளியிலிருந்து ஒரு குரல், "த்ரீ ஃபேஸ் வந்துட்டு!" என்றது. மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கும் சமயம். போர் மோட்டார் ஓடினால்தான் உண்டு. அந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்தில் பாடையை இறக்கி வைத்துவிட்டு ஓடியவர்கள் உண்டு. கொட்டகை காலியானது. பஞ்சநதம் ஓடினார். துரைராசு ஓடினார். ஜாஃபர் சாதிக்கும் அரை வேலிக்காரர்தானே, கையை எடுத்துவிட்டு அவரும் ஓடினார்.

நாற்காலியில் விஜயலட்சுமி மட்டும் இருந்தார். காலையிலிருந்தே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தாங்காது என்று தெரிந்தும் அடம்பிடித்து வந்திருந்தார். மோட்டாரைப் போட்ட பிறகுதான் துரைராசுவுக்கு அது உறைத்தது. சேற்றுக் காலோடு திரும்பி ஓடிவந்தார், பிணத்தைத்தான் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்தார். இழுப்பு நின்றிருந்தது, மூச்சு நிற்கவில்லை. விஜயலட்சுமி கண்ணைத் திறந்து, "பாய் எங்க? முடிக்காம போயிட்டாரே" என்றார்.

தும்மலை யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயலைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. பக்கத்து ஊர்களில் மணி முற்றிக் கதிர் சாய்ந்தது. நத்தமங்கலத்தில் கதிர் நட்டமாக நின்றது, பிதுக்கினால் பால்தான் வந்தது. வேளாண்மை அலுவலர் பொட்டாஷ் தெளிக்கச் சொன்னார், தெளித்தார்கள். ஜாஃபர் சாதிக் தனியாகக் கொட்டகைக்குப் போய் ச, க, ப என்று அழுத்தி முடித்துப் பார்த்தார். கீபோர்டு ஒலித்தது, எதுவும் நகரவில்லை. கேட்டவர்கள் முன்னால் அறுந்தது கேட்டவர்கள் முன்னால்தான் முடியும் என்று பஞ்சநதம் சொன்னதும், அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. விஜயலட்சுமியின் நாற்காலி அங்கே இல்லை. ஊருக்கு மெதுவாகப் புரிந்ததைத் துரைராசு அந்த முதல் நாளே புரிந்துகொண்டிருந்தார்: நான்கு சுரமும் முடியாமல் அந்தரத்தில் இருக்கும்வரை அவர் மனைவியின் மூச்சும் நிற்காது. அவர் வண்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பொங்கல் அன்று தெருவெல்லாம் பானை ஏற்றினார்கள். பால் விளிம்புவரை எழும்பியது. பொங்காமலும் அடங்காமலும் அப்படியே நின்றது. விறகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பிள்ளைகள் கரும்பைப் பிடித்துக்கொண்டு, கூவுவதற்கு வாயைத் திறந்தபடி காத்திருந்து கால் மாற்றி நின்றார்கள். உச்சி வெயிலில், பொங்காத பானையை இறக்கிக் கும்பிட வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பொன்னுத்தாய் துரைராசு வீட்டு வாசலுக்குப் போய், "எங்க வயலு பூரா பாலாவே நிக்கிது துரைராசு, நாங்க என்னத்தத் திங்கிறது?" என்று கத்தினார். பிறகு அவரே தலையில் அடித்துக்கொண்டு, "அதுக்காவ உன் பொண்டாட்டிய சாவச் சொல்லுவனா" என்று திரும்பி நடந்தார். அதற்குமேல் யாரும் அந்த வாசலுக்குப் போகவில்லை. ஒருத்தியை ஊருக்காகச் சாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை, இது ஒன்று உண்டு.

கடைசியில் ஜாஃபர் சாதிக்கும் அனீஸாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்கள். துரைராசு வழியை மறித்து, "முடிக்க வந்திருந்தா அப்படியே போயிடுங்க பாய்" என்றார்.

"கீபோர்டு கொண்டாரல. தங்கச்சியப் பாக்கத்தான் வந்தோம்." பொய்யில்லை. அவருக்கும் முடிக்க மனமில்லை. விஜயலட்சுமி போனபின் யாருக்குப் பாடம் சொல்வது என்ற கேள்வி அவரைத் தின்றுகொண்டிருந்தது.

விஜயலட்சுமி எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "வலி நின்ன எடத்துலயே நிக்கிது பாய். கொறையவும் மாட்டேங்குது, கொண்டு போவவும் மாட்டேங்குது. காதுல அந்த நாலும் நிக்கிது. 'நி' எங்க போவும்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சிகிட்டே கேக்காம கெடக்குறது எவ்ளோ கொடும தெரியுங்களா?" என்றார். பிறகு கணவரைப் பார்த்தார். "ஏங்க, அன்னைக்கு மோட்டார் போட ஓடுனதுக்கு நான் கோவிச்சிக்கல. பயிருன்னா ஓடத்தான் செய்யணும். இந்தத் தடவ மட்டும் ஓடாம பக்கத்துல உக்காருங்க."

துரைராசுவுக்கு அழுகை தொண்டைவரை வந்து நின்றது. ஊரில் எல்லாம் நின்றதுபோல அதுவும் நின்றது. அழ முடியாமல் வாயைத் திறந்தபடி வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்தது. துரைராசு முதல் தடவையாக உள்ளே வந்து, மனைவியின் நாற்காலியை ஒட்டிச் சாக்கில் உட்கார்ந்தார். ஜாஃபர் சாதிக் நான்கையும் அழுத்தினார். விஜயலட்சுமி, "ஒன்னொன்னா விடுங்க பாய், அவசரமில்ல" என்றார். முதலில் 'ம' இறங்கி 'க'வில் உட்கார்ந்தது. அந்தச் சமயம் பார்த்து வெளியே கம்பத்தில் விளக்கு எரிந்து, த்ரீ ஃபேஸ் வந்துட்டு என்று குரல் வந்தது. நான்கைந்து பேருக்கு முழங்கால் துடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துரைராசு மனைவியின் கையைப் பிடித்திருந்தார். 'நி' ஏறி 'ச'வில் விழுந்தது.

முதலில் பஞ்சநதம் தும்மினார். பிறகு கொட்டகையே தும்மியது. ஒரு மாதத்துத் தும்மல் அத்தனையும் வந்தது. வெளியே கதிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சாய்ந்த சத்தம், குடமுருட்டிப் பாலத்தில் போன பேருந்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. துரைராசுவுக்கு அழுகை முழுதாக வந்தது. ஜாஃபர் சாதிக் நிமிர்ந்து பார்த்தார். தலையாட்டியே அறியாத விஜயலட்சுமியின் தலை ஒரே ஒருமுறை முன்னால் சாய்ந்து அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் பயம் வரவில்லை. அந்தப் போகம் மாவுக்கு எட்டு மூட்டை கண்டது. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதலில் கொஞ்சம் பிடித்தார்கள்.

அடுத்த மார்கழியில் துரைராசு செல்போன் கடைக்கு வந்து, ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, "அந்த நாலையும் ஒரு தடவ போடுங்க பாய். உடனே முடிக்காம" என்றார். ஊரில் இதைப் பற்றிப் பேசினார்கள். முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனாலும் வருடத்துக்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வது என்று முடிவானது. மின்தடை அறிவிப்பைப் போலவே அதுவும் முதல் நாளே ஊர் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் பால் காய்ச்சுவதில்லை, பெண் பார்க்கப் போவதில்லை, சண்டை ஆரம்பிப்பதில்லை. கொட்டகையில் ஜாஃபர் சாதிக் நான்கு சுரங்களையும் நிறுத்தி வைப்பார். விஜயலட்சுமி வந்து நாற்காலியில் உட்காருவார். முதல் வருடம் நாற்காலியின் கால் ஆடுகிறது என்றார், வேறு வாங்கிப் போட்டார்கள். துரைராசு அவரிடம் விளைச்சலைச் சொல்வார், எந்த வயலில் எலி என்று சொல்வார். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். நேரம் ஆனதும் ஜாஃபர் சாதிக் நகர்ந்துகொள்ள, முடிக்கும் 'ச'வைத் துரைராசுதான் அழுத்துவார். அவருக்கு வாசிக்கத் தெரிந்த சுரம் அது ஒன்றுதான். இதுவரை அதை அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை.