நாகலெட்சுமியின் கை பெருத்த கதை

1

இந்தக் கதை ஒரு படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் பிறந்தது. பல்கலைக்கழக விடுதியில் என் தோழி றோசலின் மருத்துவம் படித்தாள். அவளுடைய பாடநூலில் ஒரு வெள்ளைக்காரி: தாடை நீண்டு, மூக்குப் பருத்து, கை அகன்று. “எங்க அக்கா!” என்று கத்திவிட்டேன்.

மூளைக்கடியில் பயறளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பியாம். அது மிகையாகச் சுரந்தால் கைகால் பெருக்கும், இரத்த அழுத்தம் ஏறும், கைகால் இழுத்துவிடும் பாரிசவாத ஆபத்தும் கூடும் என்றாள் றோசலின்.

2

முதல் வரி: ‘பனி போர்த்திய எழில் மலையில்...’

(அடித்துவிட்டேன். பனியை எழில் என்பவர்கள் அதில் நின்று கொழுந்து பறித்ததில்லை.)

‘ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி கொழுந்து பறித்தாள்.’ போதும்.

3

அக்காவை வேலை வாங்கும் வீரய்யா கங்காணியை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. அந்த ஆள் மனதாரத்தான் மெச்சுகிறார்.

“கையா இது, மொறம்! நாகு ஒரு பிடி பறிச்சா ஒங்களுக்கு ரெண்டு பிடிடி!”

“கண்ணு வைக்காதீங்க மாமா” என்று அக்கா சிரிக்கிறாள்.

தலைவலியா? நெற்றியில் மாட்டும் கூடைக்கயிறு அழுத்துகிறது என்றார்கள். கயிற்றுக்கடியில் சாக்குத் துண்டை மடித்து வைத்தாள். வலி போகவில்லை. இன்னொரு மடிப்பு வைத்தாள். (தலையால் கூடை சுமக்கிற எங்களுக்குத் தலைவலிக்குக் காரணம் தேட வேண்டியதேயில்லை, பாருங்கள்.)

4

முடிவு அ: வைத்தியம் பலித்து, கை சிறுத்து... (யாருக்கு இந்தப் பொய்?)

முடிவு ஆ: மலையில் சுருண்டு விழுகிறாள். (நீங்கள் அழுவீர்கள். பிறகு தேநீர் குடிப்பீர்கள்.)

முடிவு இ: அக்கா மெல்ல

5

அந்த வரி அப்படியே நிற்கட்டும். லீவுக்கு வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கையில் அடுப்படியில் கோப்பை விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அக்காவின் இடது கை தொங்கியது. வாய் ஒருபக்கம் கோணியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயம். பெரிய வாதம் வருமுன் இப்படி வந்து போகும் என்று றோசலின் சொல்லியிருக்கிறாள்.

“குளிருல வெறச்சிருச்சு. பெரட்டுக்கு நேரமாச்சு, வழிய விடு.” (பெரட்டு: காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்.)

“வாய் இழுத்துச்சுக்கா! வா, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு. பிரஷர் பாக்கணும்.”

“பெரட்டுல பேரு குடுக்காட்டி ஒங்கப்பனா சோறு போடுவான்?”

“ஒனக்கும் அவருதான் அப்பன்.”

சிரித்துவிட்டாள். ஆனாலும் நகரவில்லை.

எங்கள் லயத்து வீட்டுக் கதவை மறித்து, காகிதத்தைப் பலகையில் அழுத்தி நின்றபடி இதை எழுதுகிறேன். “எழுதுறாளாம் எழுத்து! தள்ளுடி” என்று முதுகில் குத்துகிறாள். வலது கையால்தான் குத்துகிறாள்.

கீழே ரோட்டில் நுவரெலியா பஸ் ஹாரன் அடிக்கிறது. கதைக்கு முடிவு கேட்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனாவைக் கீழே போட்டால்தான் இவளை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க முடி